தடுப்பணையில் விட்ட தேங்காய்

எங்கள் ஊர் ஆற்றின் பழைய தடுப்பணையில் தண்ணீர் நேர்க்குத்தாக விழும். விழுந்த இடத்திலேயே புரண்டுகொண்டிருக்கும். சிக்கியவரை வெளியே விடாது. அந்த அணையை உடைத்து, கயாக் என்னும் விளையாட்டுத் துடுப்புப் படகு வழுக்கிப் போகும்படி பாறைப் படிகளாக மாற்றும் வேலைக்கு நான்தான் இன்ஜினியர். "விளையாட்டுக்கு ஒரு அணையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் எல்லாரையும் கூட்டிவைத்து, உரிக்காத தேங்காய் ஒன்றை மேலிருந்து போட்டேன். அது அணையடியில் சுழன்றுகொண்டே கிடந்தது. கடைசியில் கழியால் இழுத்துத்தான் எடுத்தோம். அதைப் பார்த்தபிறகே வேலைக்குச் சம்மதித்தார்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி அதே சோதனை. இம்முறை ஒரு கூடைத் தேங்காய். பேச்சிப்பாறை அணையில் திறந்துவிட்ட தண்ணீரில் அத்தனையும் படிக்குப் படி துள்ளி, எங்கும் நிற்காமல் போய்விட்டன. பூரிப்பு தாங்காமல் நானே கயாக்கில் ஏறினேன். முகத்தில் தண்ணீர் அறைய, கூச்சல் போட்டுக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே துணி துவைக்க வந்திருந்த அக்கா ஒருத்தி என் தேங்காய்களைப் பிடித்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தாள். என்னையும் படகையும் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இதையெல்லாம் எதுக்கு சாரே விடுதிய? தேங்காயே விட்டாப் போரும்."