சூடான கேரியர்

போன வாரம் மகன் வீட்டு மாடித் தோட்டத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பளபளப்பான பை, மேலே ரோஜாப்பூப் படம். பிரித்தால் மாட்டு எரு. பழக்கதோஷத்தில் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எங்கள் வீட்டுக் காப்பித்தூளே அதைவிடக் காட்டமாக இருக்கும். மருமகள் முகத்தைச் சுளித்தாள். உள்ளேயிருந்து என் மனைவி, "அவர உடும்மா. கேரியர்ல போட்டுக் குடு, தூக்கிக்கினு கெளம்பிடுவாரு" என்றாள்.

மருமகளுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. சொல்லிவிடுகிறேன். அந்த விஷயத்தில் என் மானம் போய் அறுபது வருஷமாகிறது. இனிமேல் போக மிச்சமில்லை.

அப்போது கல்யாணமான புதிது. திண்டிவனத்தில் குமாஸ்தா வேலை, ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. மாமனார் வளவனூரில் சொந்த நிலத்தில் பயிர் வைத்திருந்தார். வரும்போதெல்லாம் ஒரு சாக்கு நிறையக் காயும், மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலையும் கொண்டுவந்து கூடத்தில் கொட்டுவார். கொட்டிவிட்டுச் சும்மா இருப்பாரா? ஒரு கத்தரிக்காயை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மாப்ள, இது கத்திரிக்கா. செடியில காய்க்கும்" என்பார். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடுவாள்.

ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. "பொங்கலுக்கு வாங்க மாமா. நம்ம தோட்டத்துக் கத்திரிக்காயிலதான் சாம்பார்" என்றேன். தோட்டம் எங்கே என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரி, நான் சாக்கு கொண்டார மாட்டேன். உங்க தோட்டம் காய்க்கலன்னா பொங்கலுக்கு வெறும் புளித்தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொல்லைப்புறத்தைக் கொத்தினால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் வந்தன. எரு போடாமல் புல்கூட முளைக்காது. தெருவெல்லாம் மாடு போகிறதே, எருவுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். மாடு பொதுவாகத்தான் போகும். சாணி பொது இல்லை. வறட்டி தட்டும் பெண்கள் கூடையோடு பின்னாலேயே வருவார்கள். கூடை நிறைந்துவிட்டால் மிச்சத்தின் மேல் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவார்கள். குச்சி நட்டது பத்திரம் பதிந்த மாதிரி. திரும்பி வரும்வரை யாரும் தொட மாட்டார்கள். இந்தச் சட்டம் தெரியாமல் ஒரு காலை நான் குனிந்துவிட்டேன்.

தெருமுனையிலிருந்து ஒரு குரல்: "யோவ் வெள்ளச் சட்டக்காரரே! குச்சி நட்டுக்கீறது கண்ணு தெர்ல?"

"குப்பைன்னு நெனச்சேம்மா."

"குப்பைய இன்னாத்துக்குய்யா மோந்து பாக்குற?"

அதற்குப் பிறகுதான் எனக்குக் குதிரை ஞாபகம் வந்தது. ரயிலடி வாசலில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். குதிரை லத்தி உதிர்ந்துபோகும், அதில் வறட்டி தட்ட முடியாது என்று அந்தப் பெண்கள் அதைச் சீண்டுவதில்லை. ஜட்காக்கார கரீம் பாயிடம் கேட்டேன். அவர் என்னையும் என் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். "எடுத்துக்கோ சார். ஜல்தி, ரயில் வர்ற டைமு" என்றார்.

கூடையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் குமாஸ்தா கௌரவம் என்னாவது? கடைத்தெருவில் பழைய அடுக்குக் கேரியர் ஒன்றை வாங்கினேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் எல்லா அடுக்கையும் நிரப்பி, கம்பியைப் போட்டு, அலுங்காமல் தூக்கிவருவேன். "உம் புருசன் தெனம் ஓட்டல்ல பலகாரம் வாங்கியாறாரு, குடுத்து வெச்சவ நீ" என்று எதிர்வீட்டம்மாள் என் மனைவியிடம் பெருமூச்சு விட்டாளாம். அந்தக் கேரியர் அடுக்களைப் பக்கம் வந்தால் அடுத்த ரயிலில் வளவனூர் போய்விடுவதாக மனைவி எச்சரித்திருந்தாள்.

முதலில் பச்சை லத்தியை அப்படியே போட்டு நாற்றையெல்லாம் பொசுக்கினேன். "செடிக்குக் காய்ச்சல் வந்துடுச்சி, டாக்டரக் கூப்புடுங்க" என்றாள் மனைவி. பிறகு குழி வெட்டி மட்கவிட்டுப் போட்டேன். மார்கழியில் செடி பூத்தது.

அந்த மார்கழியில்தான் ஒரு சாயங்காலம், கேரியரை நிரப்பிக் கம்பியைப் போட்டு நிமிர்கிறேன், விழுப்புரம் பாசஞ்சரிலிருந்து இறங்கி வருகிறார் மாமனார். தோட்டத்தை வேவு பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்.

"இன்னா மாப்ள, ஸ்டேஷனுக்கே வந்துட்டீங்க! நான் வர்றேன்னு யாரு சொன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கரீம் பாய், "உங்களுக்கோசரம் தெனம் வர்றாரு சார்" என்று கொளுத்திப்போட்டார்.

வண்டியில் ஏறியதும் மாமனார் என் கையிலிருந்த கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடியில் கை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சூடா கீதே! எம்பொண்ணு குடுத்தனுப்பினாளா?"

"மாமா, ஊட்டுக்குப் போயி…"

"பசி காத அடைக்குது மாப்ள" என்று கம்பியை நீக்கிவிட்டார்.

முதல் அடுக்கைப் பார்த்தார். அதைத் தூக்கி அடுத்ததைப் பார்த்தார். கடைசியையும் பார்த்தார்.

"சோறு, கொழம்பு, பொரியல், எல்லாம் ஒரே மாதிரி கீதே?"

நான் வெளியே குதிக்கலாமா என்று யோசித்தேன்.

"கல்யாணத்துக்கு முன்ன எம்பொண்ணு நல்லாத்தான் சமைச்சிக்கினு இருந்தா" என்றார். கரீம் பாய் சிரித்த சிரிப்பில் சாட்டை கீழே விழுந்தது. குதிரை தானாகவே நின்றுவிட்டது.

பொங்கலன்று சொன்னபடி வெறுங்கையோடு வந்தார். என் செடிகள் கோணல்மாணலாக ஒரு பிடி காய் காய்த்திருந்தன. இலையில் சாம்பார் விழுந்ததும் நான் என் சோற்றை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இலையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். "கரண்டிய அடியில உட்டு ஊத்தும்மா. காயெல்லாம் அங்கதான் கீது."

அன்றைக்கு நான் எத்தனை தரம் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

அதிலிருந்து அவர் எப்போது வந்தாலும் ரயிலடியில் முதல் வேலை, என் கையிலிருக்கும் கேரியருக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதுதான். வேறு கேரியரில் நிஜமாகவே சுடச்சுட இட்லி கொண்டுபோனாலும், "சூடு சரியா கீது. தொறக்கத்தான் பயமா கீது" என்பார்.

கடைசியாக அவர் வந்தபோது ரயிலடி வாசலில் ஒரு குதிரையும் இல்லை. கரீம் பாய் வண்டியை விற்றுவிட்டு மகனோடு விழுப்புரம் போய்விட்டிருந்தார். சைக்கிள் ரிக்‌ஷாக்கள் மணியடித்துக்கொண்டு நின்றன. நான் ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தேன். கையில் சாப்பிட்டுக் கழுவிய கேரியர். மாமனார் மெல்ல நடந்து வந்து, வழக்கம்போல அதன் அடியில் கை வைத்தார். குதிரைகள் நின்ற இடத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஜில்லுனு கீதே மாப்ள" என்றார்.