ஒன்பதாம் மடையின் இருபத்து நான்கு எண்கள்

அம்பாசமுத்திரத்துப் பாசனச் சங்கம் அனுப்பிய அளவுப் பட்டியலின் படத்தைப் பியூலா இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். ஒன்பதாம் மடையில் அவள் கம்பெனி பொருத்திய கருவி மணிக்கொரு முறை நீர்மட்டம் அளக்கும்; காலை ஆறு மணிக்கு இருபத்து நான்கு அளவுகளையும் சேர்த்து அனுப்பும். படத்தில் இருபத்து நான்கும் அறுபத்தொன்று. முந்தைய நாள் அத்தனையும் ஐம்பத்தெட்டு.

சங்கத்தார் இதற்கு ஒரே அர்த்தம்தான் கண்டார்கள். மடைக்காரர் சொரிமுத்து தினமும் கருவிக்கு நீர்மட்டம் காட்டும் மிதவையைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு, வேண்டியவர்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார். அவரை நிறுத்தி, கருவியையும் அணைத்து எட்டு நாளாகிவிட்டது; படம் அதற்கு முந்தையது.

கயிறே கிடையாது என்பது பியூலாவுக்குத் தெரியும். கருவிக்குள் ஓடும் நிரலை எழுதியவள் அவள். புதிய அளவு வரிசையின் தலையில் வந்து நின்றதும் எல்லா அளவுகளும் ஆளுக்கொரு இடம் தள்ளி உட்கார வேண்டும். கடைசி ஆள் முதலில் நகர்ந்தால் சிக்கலில்லை. முதல் ஆள் முதலில் நகர்ந்தால் இரண்டாமவர் மேலேயே உட்காருவார். அவர் அழிந்து, முதல் எண்ணே வரிசை முழுக்கப் பரவும். எந்த முனையிலிருந்து நகர்த்தினால் எதுவும் அழியாதோ அப்படி நகர்த்தித் தருவது memmove என்ற கட்டளை. memcpy அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை. அவள் போட்டிருந்தது memcpy. மேசையிலிருந்த பழைய சிப்பில் தற்செயலாக ஓடியது. மாசியில் வந்த புதிய சிப்பில் ஓடவில்லை.

தெரியாமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. கூட வேலை பார்க்கும் உசாமா அன்றைக்கே எச்சரித்தான்.

"அக்கா, எடுக்குற இடமும் வைக்கிற இடமும் மேல மேல விழுது. memmove போடுங்க."

"ஓடுதுல்லா, விடுலே. திங்கக்கிழமை குடுக்கணும்."

மாற்ற அரை நிமிடம் ஆகியிருக்கும்.

முதலாளி மகாராஜன் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பைய சரிபண்ணி அனுப்பிருவோம். நாளையில இருந்து எண்ணு ஒழுங்கா வரும். யாரு கேக்கப் போறா?"

"அவர நிறுத்துனதாலதான் ஒழுங்காச்சும்பாங்க, அண்ணாச்சி. அப்புறம் அவரு எப்பவும் திருடன்தான்."

பியூலா அதே மாதிரிக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினாள்.

சங்க அலுவலகத்தில் செயலாளர் நம்பவில்லை. "எந்திரம் தப்பா அளக்குமா?"

"சரியாத்தான் அளந்திருக்கு. எடுத்து வைக்கையில நான் அழிச்சிட்டேன்."

மேசையில் கருவியை வைத்து, பழைய நிரலையும் திருத்திய நிரலையும் ஓட்டிக் காட்டினாள். செயலாளர் சொரிமுத்துவை வரவழைத்தார். "நாளையில இருந்து வாரும்வே," என்று சொல்லிவிட்டு வேறு காகிதத்தைப் புரட்டினார்.

வெளியே வந்து பியூலா மன்னிப்புக் கேட்டாள். சொரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இங்கன ரெண்டு பேருட்ட சொல்லிட்டீங்க, தாயி. டீக்கடையில ஒருத்தன், 'ஆட்டக் கட்டணும், கயிறு இருக்காவே'ன்னு தெனமும் கேக்கான். அவன்ட்ட யாரு சொல்லுவா?"

"நான் வாரேன்."

கடையில் ஏழெட்டுப் பேர். பெஞ்சில் ஒருவர் சொரிமுத்துவைக் கண்டதும், "என்னவே, வக்கீலக் கூட்டியாந்துட்டீரோ?" என்றார். சிரிப்பு எழுந்தது.

பியூலா முன்னால் வந்தாள். "வக்கீல் இல்ல அண்ணாச்சி. அந்தத் தப்பச் செஞ்சவ நாந்தான்."

"நீயா? சரி, முதல்ல இருந்து சொல்லு."

சொல்லத் தொடங்கினாள். பெஞ்சில் இடம் விட்டார்கள். சொரிமுத்து உட்காரவில்லை, அவள் முடிக்கும்வரை நின்றே கேட்டார்.