மாற்றிக் கொடுத்த நாள்

ஜீவராணியிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்பது கொட்டாஞ்சேனையில் அந்த மாடிவீடுகள் முழுவதற்கும் தெரியும். தண்ணீர் வராத நாளில் அவளுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பொதுக் கொடியில் அவள் போட்ட உடுப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தங்களுடையதைக் காயப்போடுவார்கள். அவள் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "பரவாயில்லை." ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை சொல்வாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வாயில்லாப் பூச்சி என்று சிலர் சொன்னார்கள். கோயிலில் அதையே தாழ்மை என்றார்கள், பொறுமை என்றார்கள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்டவரும் அப்படித்தானே இருந்தார், நாமும் இருந்துவிட்டுப் போவோம் என்பது அவளுடைய நினைப்பு.

வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரிடம் துப்புரவு வேலை. யாரோ துப்பிவிட்டுப் போன இரத்தத்துக்கு வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை இவளை வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்தப் பிள்ளைக்கு இவளுடைய வயதில் பாதிகூட இல்லை. "சொறி மிஸ்" என்று குனிந்து துடைப்பாள் ஜீவராணி. துடைக்கும்போதே அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடுவாள். மாலையில் மட்டக்குளி பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்று வருவதையும் ஒப்புக்கொடுப்பாள். கேட்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும், அவளுக்கு இல்லை.

வீட்டில் சவிரிமுத்து படுக்கையில் இருந்தார். அவளுடைய புருஷன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன், ஆள் கதவு மாதிரி இருப்பார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், பிறகு ஒன்று இரண்டு சொல்லாகத் திரும்பி வந்தது. பகலில் பக்கத்து வீட்டு ஹமீமா எட்டிப் பார்த்துக் கஞ்சி பருக்கிவிடுவாள். மிச்சமெல்லாம் ஜீவராணிதான்.

ஒக்டோபர் வந்தால் அங்கே மாதா வீடு வீடாக வருவா. செபமாலை மாதம் முழுக்க மாதாவின் சிலை, அவர்கள் சொல்லும் சுரூபம், ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் மாலை ஆறரைக்கு எல்லோரும் மெழுகுதிரி பிடித்துப் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே செபமாலை, பிறகு கடலையும் பிளேன்டீயும். வீடு அறுபதுக்கு மேல், நாள் முப்பத்தொன்றுதான். அதனால் ஒரு வீட்டுக்கு முறை வர இரண்டு வருஷமாகும். லிஃப்ட் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அந்தக் கனத்த சுரூபத்தைப் படியேற்றிக்கொண்டு போனது பதினேழு வருஷமாகச் சவிரிமுத்துதான். வேறு யாரையும் தொட விடமாட்டார். விழுந்த பிறகு அவருக்கு இருந்த பெரிய துக்கம் கை போனதோ கால் போனதோ அல்ல, மாதாவை இன்னொருத்தன் தூக்குகிறானே என்பதுதான்.

இந்த வருஷம் அவர்களுக்கு விழுந்த நாள் பத்தொன்பது. செப்டெம்பரில் டொக்டர் ஜீவராணியைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அவருக்கு அது தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் மாதம் பிறந்ததிலிருந்து அவர் விரலை மடக்கி மடக்கி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். "மாதா வரட்டும்," என்றார் ஒரு நாள். கொஞ்சம் பொறுத்து, "பிறகு போவன்," என்றார்.

பதினேழாம் தேதி மாலை நாலாம் மாடி நிரோஷா கதவடியில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு உதவி கேக்க வந்தனான். எங்கட இவர் கஜீவன் இருவதாம் தேதி கட்டார் போறார். மாதா வீட்டில இருக்கேக்க அனுப்பிவைச்சா எனக்கு மனசுக்கு ஒரு தைரியமா இருக்கும். எங்கட நாள் இருவத்தெட்டு. நீங்க மாத்தித் தருவீங்களோ?"

"பரவாயில்லை. நீங்க எடுங்கோ."

யோசிக்கக்கூட இல்லை. நாக்கு பழகிப்போயிருந்தது. நிரோஷா கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் படியேறிப் போன பிறகுதான் உள்ளே அவர் கிடக்கிறார் என்பதே அவளுக்கு உறைத்தது. ஒன்பது நாள்தானே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அதையும் ஒப்புக்கொடுத்துவிட்டு அரிசி கழுவப் போனாள்.

அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொல்வோம் என்றிருந்தாள், மறுநாளும் போயிற்று. பத்தொன்பதாம் தேதி காலை அவர் தாடையைத் தடவிக் காட்டினார். அவள் பேசாமல் சவரம் செய்துவிட்டாள். வேலைக்குப் போய் வந்து பார்த்தால் வெள்ளைச் சேட்டோடு கிடந்தார். ஹமீமாவிடம் சைகை காட்டிப் போட்டுக்கொண்டாராம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனுஷி தலையணையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

ஆறரைக்குக் கீழே பாட்டுக் கேட்டது. அவர் நல்ல பக்கத்துக் கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். பாட்டு முதலாம் மாடிக்கு வந்தது, இரண்டாம் மாடிக்கு வந்தது. மெழுகுதிரி வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தது. காலடிகள் கதவைத் தாண்டி மேலே ஏறின.

"மாறி... போறாங்க," என்றார்.

"இல்லை. மேல நிரோஷா வீட்டுக்கு. அவள் வந்து கேட்டவள், நான்தான் நாளை மாத்திக் குடுத்தனான். இருவத்தெட்டாம் தேதி எங்களுக்கு வருவா. ஒன்பது நாள்தானே."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபத்தைத் தாங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

"என்ர நாள்," என்றார்.

பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் மாடியில் செபமாலை தொடங்கியது. அதற்குப் பின் அவர் பேசவேயில்லை. இருபத்துநாலாம் தேதி விடியற்காலை மூச்சு நின்றுவிட்டது.

மாதம்பிட்டி மயானத்தில் அடக்கம். சனம் நிறைய வந்தது. நிரோஷா கட்டிப்பிடித்து அழுதாள்.

"நான் கேட்டிருக்கக் கூடாது அக்கா."

"பரவாயில்லை," என்றது ஜீவராணியின் வாய். சொல்லி முடித்ததும் அந்த வாயிலேயே ஒன்று போடலாம் போல இருந்தது அவளுக்கு.

இருபத்தேழாம் தேதி பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்கு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சுவாமியார் அன்பாகத்தான் பேசினார். அது பாவமில்லை அம்மா, நீங்கள் செய்தது தாழ்மை, ஆண்டவர் அதைப் பார்த்திருப்பார் என்றார். தண்டனைச் செபம்கூடத் தரவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். எது தாழ்மை? தன்னுடைய வாளியைக் கொடுப்பது தாழ்மை. பஸ்ஸில் தன்னுடைய இடத்தைக் கொடுப்பது தாழ்மை. அந்த நாள் தன்னுடையதா? கட்டிலில் கிடந்து விரல் மடக்கியவனுடைய நாளை அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்ததாக வேறு நினைத்தாளே. நல்லவள் என்ற பெயர் போய்விடுமோ என்ற பயத்தைத்தான் இத்தனை காலம் பொறுமை என்று வைத்திருந்தோமோ என்று அவளுக்குப் பட்டது. மன்னிக்கப்பட்டிருந்தாலாவது அழுதிருப்பாள். அவளைப் பாராட்டி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆறரைக்குப் பாட்டு இரண்டாம் மாடியில் வந்து நின்றது. செபமாலைக் கூட்டத்தைக் கொண்டு நடத்தும் இராசரத்தினம் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, செத்த வீடு. ஏழு நாளும் முடியேல்லை. உங்களுக்குக் கஷ்டமெண்டா இண்டைக்கு மாதாவை மூண்டாம் மாடிக்குக் கொண்டு போறம். அவையள் ஓமெண்டிட்டினம். உங்களுக்குப் பிறகு ஒரு நாள் பாப்பம்."

நல்லெண்ணத்தோடு கேட்டது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். என்ன சொல்வாள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை அண்ணன். இது அவர்ட நாள். உள்ள கொண்டு வாங்கோ."

மற்ற வீடுகளில் போல ஹோலில் மாதாவுக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை இல்லை. அவள் சுரூபத்தைத் தூக்கி வந்தவர்களை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். மெத்தையை அடக்கத்தன்றே எறிந்தாயிற்று. கட்டிலில் பலகை மட்டும் கிடந்தது. தலைமாட்டில் கதிரையைப் போட்டு, அதில் வைக்கச் சொன்னாள். சனம் அறைக்குள்ளும் வெளியே நடையோடையிலும் நெருங்கி நின்றது. பின்னால் நிரோஷா முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

இராசரத்தினம் செபமாலையைக் கையில் எடுத்தார். ஜீவராணி கையைக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். மருந்து கொடுக்க எழுப்பும்போது குனிவதைப் போல அந்தப் பலகைமேல் குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "மாதா வந்திட்டா."