கொல்லன் மகனின் மெட்டு

ஒக்லாந்து நகரின் கிளென் ஈடன் பகுதியில் எங்களுக்கு வீடு தந்தவர் தைவானில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மேல்தளத்தில் அவர் இருந்தார். கீழே கராஜைத் தடுத்துக் கட்டிய இரண்டு அறைகளில் நான், மனைவி, இரண்டு வயது மகள். தொண்ணூறுகளின் நடுவில் அவரைப் போலப் பலர் ஒக்லாந்துக்கு வந்து வீடு வாங்கினார்கள். நானும் அந்தக் காலத்தில்தான் வந்தேன், யாழ்ப்பாணத்திலிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூச்சக்காரன். எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாதவன். பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். இவர் சாத்தவில்லை. ஆகவே இந்த வீட்டை இழந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த பெரிய கவலை. அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன்.

அவரிடம் ஏழு தந்தி வாத்தியம் ஒன்று இருந்தது. கறுப்பு அரக்குப் பூசிய நீளப் பலகை, அதன்மேல் பட்டு நூலில் முறுக்கிய தந்திகள். மேசையில் கிடத்தி வாசிப்பார். அதன் சத்தம் நுளம்பு ஒன்று பறந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொள்கிற அளவுதான். அந்த நுளம்புக்காக நாங்கள் எங்கள் சத்தங்களையெல்லாம் விட்டுக்கொடுத்தோம். அவர் வாசிக்கும்போது மனைவி தேங்காய் திருவக் கூடாது. தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கூடாது. மகள் ஓடக் கூடாது. யாராவது மறந்துவிட்டால் அவர் மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்து நிற்பார். முழுவதும் இறங்கியதில்லை. அங்கிருந்தபடியே எனக்குப் பண்பாடு கற்பிப்பார்.

அந்த வாத்தியத்துக்குச் சட்டங்கள் உண்டு என்றார். பலத்த காற்றில் வாசிக்கக் கூடாது. பெருமழையில் கூடாது. சந்தையில் கூடாது. வியாபாரிகள், பண்பற்றவர்கள் முன்னால் கூடாது. இதைச் சொல்லும்போது என் வேலைச் சட்டையைப் பார்த்தார். ஹென்டர்சனில் ஒரு பட்டறையில் நான் இரும்பு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். காற்றும் மழையும் இல்லாத நாள் ஒக்லாந்தில் எப்போது வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அவர் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தது மிகப் பழைய ஒரு மெட்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்டதாம். அதன் கதையை எத்தனையோ முறை சொன்னார். ஒரு கொல்லன் அரசனுக்கு வாள் செய்கிறான். குறித்த நாளில் முடிக்காததால் அரசன் அவனைக் கொன்றுவிடுகிறான். கொல்லனின் மகன் பழிவாங்கக் கிளம்புகிறான். முகத்தைச் சிதைத்துக்கொண்டு, மலையில் இருந்து இந்த வாத்தியத்தைப் பல வருடங்கள் பழகுகிறான். புகழ் பரவுகிறது. அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறான். வாத்தியத்துக்குள் ஒளித்த கத்தியால் அரசனைக் குத்திக் கொல்கிறான். அதுதான் மெட்டு. முதல் தந்தி அரசன், இரண்டாவது தந்தி மந்திரி என்பார்கள். இந்த ஒரு மெட்டுக்கு மட்டும் இரண்டாவதை இறக்கி, இரண்டையும் ஒரே சுருதியில் வைப்பார்களாம். மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் சமம் என்று அதற்குப் பொருளாம். இதையும் அவர் அந்தப் பாதிப் படியில் நின்றுதான் விளக்கினார்.

பிறகு பல நூறு வருடங்கள் கழித்து ஒரு அறிஞனுக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள். மூவாயிரம் மாணவர்கள் அவனை விட்டுவிடும்படி கெஞ்சுகிறார்கள். அவனோ வெயிலின் நிழலைப் பார்த்து நேரம் கணித்து, வாத்தியத்தைக் கேட்டு வாங்கி, இந்த மெட்டை வாசித்து முடித்து, இன்றோடு இது அழிந்தது என்கிறானாம். ஒருவன் கேட்டும் கற்றுக்கொடுக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது வீட்டுக்காரரின் கண் கலங்கும். எனக்கு எரிச்சல்தான் வரும். கற்றுக்கொடுத்துவிட்டுச் செத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு கண்ணீரா?

மனைவிக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது.

"அழிஞ்சு போச்செண்டால் பிறகு என்னெண்டு இவர் வாசிக்கிறார்?"

"பழைய புத்தகம் ஒண்டிலை இருந்ததாம்."

"புத்தகத்திலை எவ்வளவு கெதியா வாசிக்கோணுமெண்டு இருக்கோ?"

"இல்லையாம். எந்தத் தந்தி, எந்த விரல் எண்டு மட்டுந்தானாம். மிச்சத்தை வாசிக்கிற ஆளே யோசிச்சுப் பிடிக்கோணுமாம்."

"உப்பு, புளி அளவு எழுதாத குழம்பு. இவர் தன்ரை கைக்குப் போட்டுக் கிண்டிப்போட்டு ராசா காலத்துக் குழம்பெண்டுறார். நீங்களும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு நிக்கிறியள்."

"வீடு வேணுமே."

"ஓம், அதுக்குத்தான் நானும் தேங்காயைக் கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறன்."

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, இந்த வாத்தியம் தெரிந்த நாலைந்து பேர் அவர் வீட்டில் கூடுவதாக இருந்தது. முழு மெட்டையும் வாசிக்கப் போகிறார். பகல் முழுவதும் நாங்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார். ஒரு கொல்லனின் மகனைப் பற்றிய மெட்டு. அதைக் கேட்க, இரும்பு வேலை செய்பவன் வீட்டில் இருக்கக் கூடாது. கதையில் வரும் அந்தக் கொல்லனே வந்திருந்தாலும் இவர் கராஜ் கதவைக் காட்டியிருப்பார். வழக்கம்போலத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலையில் மகளுக்குக் காய்ச்சல். உடம்பு சுட்டது. படியேறிப் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனோம். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அங்கே கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். மழை பிடித்தது. காற்று அதைக் கூரைக்குள்ளும் கொண்டுவந்தது. ரயில்கள் வந்து போயின. மகள் என் தோளில் முனகிக்கொண்டிருந்தாள். மனைவி போர்வையின் நனைந்த ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இனிக் காணும், வாங்கோ" என்று கடைசியில் எழும்பினாள்.

திரும்பியபோது வாசலில் கார்கள் நின்றன. கீழ்க்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டு அவர் படியில் இறங்கி வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார்.

"இன்னும் தொடங்கவில்லை" என்றார். "மழையில் வாசிக்கக் கூடாது. நிற்கட்டும் என்று காத்திருக்கிறோம். நீங்கள் பிறகு வாருங்கள்."

நாங்கள் மழையில் நனைந்தோம். அவர் மழைக்காக வாசிக்கவேயில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"நோ" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். என் குரல் எப்போதும் அப்படித்தான். மறுபடியும் சொன்னேன். "நோ. பிள்ளைக்குக் காய்ச்சல். நாங்கள் உள்ளே இருக்கிறோம்."

"கீழே அழுகை கேட்டால் என்னால் வாசிக்க முடியாது."

"அழுவாள்" என்றேன்.

"அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

"வீடு போச்சு" என்றாள் மனைவி.

"ஓம்."

"போகட்டும். அந்தத் தேங்காயை எடுங்கோ, பிள்ளைக்குப் பாற்கஞ்சி வைப்பம்."

அவள் திருவினாள். மகள் அழுதாள். குழாயைத் திறந்துவிட்டேன். மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பண்பானவர்கள் தேநீர் குடித்துவிட்டு மழை நிற்குமுன்னே போய்விட்டார்கள்.

சான்ட்ரிங்ஹாமில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் அறை கிடைத்தது. அந்தக் கடைக்காரர் எங்களைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, தேங்காய் திருவக் கூடாது என்றும் சொல்லவில்லை. வீடு மாறிய அன்று பட்டறை நண்பர் வான் வண்டியோடு வந்தார். நல்ல வெயில், இலை அசையவில்லை. நான் கட்டிலின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மேலே அவர் வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் கீழே இருப்பது தெரிந்தே வாசித்தார். அந்த மெட்டுத்தான். நீண்ட நேரம் போனது. நடுவில் ஒரு இடத்தில் அரசன், மந்திரி என்ற அந்த இரண்டு தடித்த தந்திகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓங்கி அடித்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் இரண்டு பேர் மாறி மாறிச் சுத்தியல் போடுவது போலிருந்தது. என் கை திருகாணியில் நின்றுவிட்டது.

"அது நல்லாயிருக்கு, என்ன?" என்றாள் மனைவி மெதுவாக.

"ஓம்" என்றேன்.

வாசித்து முடித்ததும் சாவி வாங்க இறங்கி வந்தார். கட்டில் இருந்த இடம் வரைக்கும் வந்தார். முகம் சிவந்திருந்தது. வாங்கிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றார்.

"கேட்டாயா?" என்றார்.

மேலே அன்று வேறு யாரும் இருக்கவில்லை. நன்றாயிருந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"கட்டில் கழற்றிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, பலகைகளைத் தூக்கிக்கொண்டு வானுக்குப் போனேன்.