வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை

லாரி கம்பெனியில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். யாரோ ஒரு டிரைவர் விளையாட்டாக வைத்தது, பதினெட்டு வருஷமாக ஒட்டிக்கொண்டது. "நிதானம் கிளம்பிட்டாராம்ப்பா, அப்ப அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துடுவாரு" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அவர் வண்டியில் போவது கண்ணாடி. ஆளைவிட உயரமான பாளங்களைச் சாய்வுச் சட்டத்தில் நிறுத்திக் கட்டி, மூன்று நாள் ஓட்டிப் போய் இறக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு பாளம்கூட விரிசல் விட்டதில்லை.

மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். மகள் எட்டாம் வகுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. அதற்கு முன் ஒரு காய்ச்சலுக்குக்கூடப் படுத்தவர் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வந்துகொண்டுதான் இருந்தது. தெளிந்த பிறகு, அதற்குச் சற்று முன் நடந்தது எதுவும் மனைவிக்கு நினைவிருக்காது. லாரியோடு போகும் அவர் வீட்டில் இருப்பதோ மாதத்தில் நான்கைந்து நாள். எல்லாவற்றையும் போனில்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஒருநாள் மதியம், வீட்டிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா விழுந்துட்டாங்க. இஸ்திரிப் பெட்டி கைமேல விழுந்துடுச்சு."

வண்டியை ஓரம் கட்டினார். போனில் டொக் டொக்கென்று ஒரு சத்தம். தையல் மெஷினின் இரும்புக் காலில் மனைவியின் குதிகால் இடிக்கிற சத்தம் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு பாப்பா."

"கூப்பிட்டுட்டேன். வந்துட்டு இருக்காங்க. நீங்க ஏதாவது பேசுங்கப்பா."

அவர் பேசத் தொடங்குவதற்குள் லைன் அறுந்து போயிற்று. இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாக் கயிறுகளும் சரியாகத்தான் இருந்தன. இருந்தும் ஒவ்வொன்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நாற்பது நிமிஷம் கழித்து, அம்மா கண்ணைத் திறந்துவிட்டார், கையில் மட்டும் தீக்காயம் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகும் அவரால் லோடைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வேறு லோடு ஏற்றிக்கொண்டுதான் திரும்ப முடிந்தது.

திரும்பியதும் நேராக மேலாளரிடம் போய் நின்றார். உள்ளூர் வண்டி ஏதாவது கொடுங்கள் என்றார். மேலாளர் கெட்ட மனுஷர் இல்லை.

"அண்ணே, உள்ளூர்ல ஓடறதே ரெண்டு வண்டி. அதுல இருக்கறவங்களை நான் எங்க அனுப்பட்டும்? அதுல ஒருத்தருக்கு கால் வேற சரியில்ல."

"அப்ப நான் நின்னுக்கறேன் சார்."

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி பேப்பர் எல்லாம் சிக்கலாயிடும்."

ஒரு மாதம் என்றால் இன்னும் நான்கு டிரிப். அதற்குள் மறுபடி வந்தால்? சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

"என்னாலதானே?" என்று மனைவி கேட்டார்.

"முதுகு வலி தாங்க முடியலம்மா."

"பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரல உங்களுக்கு."

அன்று சாயங்காலமே மச்சான் வந்தான், மனைவியின் தம்பி. டயர் கடை வைத்திருப்பவன், ஊரில் எந்த வண்டிக்கு டிரைவர் இல்லை என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும். தைத்து அடுக்கிய சட்டைகளை நகர்த்திவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். நகரப் பேருந்து வேலைக்கு அவருக்கு வயது தாண்டிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு ஆள் கேட்கிறார்கள் என்றான்.

"உங்க மாமா ஆம்புலன்ஸ் ஓட்டினா உள்ள படுத்திருக்கறவர் குணமாகி இறங்கி நடந்து போயிடுவாரு" என்றார் மனைவி. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மிச்சம் மூன்று இருந்தன: பள்ளிக்கூட வேன், ஒரு கட்டட முதலாளி வீட்டுக் கார், கான்கிரீட் கலவை லாரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வேன்தான் என்று முடிவாயிற்று. காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தால் மதியம்வரை வீடு. நிதானமான ஆளைத்தான் பள்ளிக்கூடமும் தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் பள்ளி அலுவலகத்துப் பெண் பழைய கம்பெனியின் அனுபவக் கடிதம் வேண்டும் என்றார். பிள்ளைகள் விஷயம், அது இல்லாமல் சேர்க்க முடியாதாம். மறுபடி மேலாளரிடம் போனார். மேலாளர் கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினார்.

"பாருங்கண்ணே, நோட்டீஸ் குடுக்காமப் போனவங்களுக்கு மூணு மாசத்துக்கு லெட்டர் வராது. தலைமை ஆபீஸ்ல பூட்டி வச்சிருக்காங்க. என் கையில ஒண்ணும் இல்லண்ணே."

பதினெட்டு வருஷத்தில் ஒரு விரிசல் இல்லை என்பதை எந்தக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

அடுத்தது முதலாளி வீட்டுக் கார். வேலை என்னவோ உள்ளூர்தான். ஆனால் ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். "இதோ அஞ்சே நிமிஷம்" என்று உள்ளே போகும் முதலாளியம்மா மூன்று மணி நேரம் கழித்து வருவார். வண்டி ஓடும்போது போனை அணைத்து வைத்திருக்க வேண்டும். ஒருநாள் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தபோது மனைவியின் தாடையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாலு மணிக்கு வந்ததாம்.

"ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

"அம்மாதான் வேணாம்னாங்க" என்றாள் மகள். "நீங்க வண்டில பதறிடுவீங்களாம்."

மறுநாளே அந்த வேலையை விட்டார். இனி கலவை லாரிதான் பாக்கி. காலை ஆறு முதல் மாலை நாலு வரை, போனும் கையில் இருக்கலாம். இது நிலைக்கும் என்று நினைத்தார். ஐந்து வாரம் சிக்கல் இல்லாமல் ஓடவும் செய்தது.

ஒரு விடுமுறை நாள். அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு புது வீட்டுக்கு அடித்தளம் போடுகிறார்கள். அங்கேதான் லோடு. முனையில் திரும்பும்போதே மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு வந்துடுச்சு. எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் பாப்பா. இதோ."

வாயில் வந்துவிட்டதே தவிர, எப்படிப் போவது? அந்த லாரி அவர் சந்துக்குள் நுழையாது. பின்னால் டிரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கலவை ஏற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அரைமணியில் கொட்டியாக வேண்டும். கலவை தயாராகும் பிளாண்டுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கொட்டிட்டு எங்க வேணும்னாலும் போங்க" என்றார் பொறுப்பாளர். "உள்ள இறுகிடுச்சுன்னா டிரம்மே போச்சு. உளி வச்சுதான் உடைக்கணும்."

தளத்தில் இருபது பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். அவர் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, சரிவுத் தகட்டைப் பொருத்தி, பிடியை இழுத்தார். கலவை இறங்கத் தொடங்கியது. அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் நீல மூடிகூடத் தெரிந்தது. பிடியை அவர் எவ்வளவு இழுத்தாலும் கலவை அதன் வேகத்தில்தான் இறங்கியது. கால் மணி நேரம்.

முடிந்ததும் சாவியை மேஸ்திரி கையில் திணித்துவிட்டு ஓடினார். பூட்ஸோடு வீட்டுக்குள் போய் நின்றார். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா விசிறிக்கொண்டிருந்தார்.

"வண்டியை எங்க விட்டீங்க?" என்றுதான் மனைவி முதலில் கேட்டார்.

மூன்று மாதம் முடிந்து கம்பெனிக் கடிதம் தபாலில் வந்தது. நன்னடத்தை, விபத்தில்லாத சேவை என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போய்க் காட்டினார். இடம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கடிதத்தை லைசென்ஸோடு சேர்த்து வைத்துவிட்டுக் கலவை லாரிக்கே போய்க்கொண்டிருந்தார். டாக்டர் மாத்திரையை மாற்றினார். மாற்றியும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சட்டைகளுக்குப் பொத்தான் எண்ணிப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தி, அவரைத் தாண்டி எங்கோ பார்த்தார். பிறகு பக்கவாட்டில் சரிந்தார். இந்த இரண்டரை வருஷத்தில் அவர் அதை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பாய்ந்து மனைவியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய பலம் முழுவதையும் போட்டும் அந்தக் கைகள் நிற்கவில்லை.

"அப்பா, புடிக்காதீங்க!" மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "கையை எடுங்க. புடிச்சா அடிபடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்."

தைத்த சட்டைகளில் இரண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள். கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற என்ன செய்யணும் பாப்பா?"

"ஒண்ணும் இல்லப்பா. தானா நிக்கும்."

"எப்ப?"

"தெரியாது."

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிஷம் நாற்பது நொடி என்று மகள் டாக்டருக்காக வைத்திருந்த நோட்டில் எழுதினாள்.

உடம்பு அடங்கி, மூச்சு சீராகி, மனைவி கொஞ்ச நேரம் தூங்கினார். விழித்ததும் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். எதிரே அவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லம்மா. கடைக்குப் போயிருந்தேன். இப்பத்தான் வந்தேன்."

மனைவி மகளைப் பார்த்தார். மகள் நோட்டை மூடினாள்.

"ஆமாம்மா" என்றாள். "இப்பத்தான் வந்தாரு."