பாதியில் அறுந்த விசில்

சென்னப்பண்ணன் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் சாமராஜநகர்-மைசூர் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர், நான் டிரைவர். என் முதுகுக்குப் பின்னால் அவர் ஒரு விசில், அவ்வளவுதான். இரண்டு சின்ன ஊதல் என்றால் கிளம்பு. ஒரே நீட்டல் என்றால் நிறுத்து. கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் ஊரான கோபிநத்தத்துக்காரர். கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு தொடாத மனுஷன்.

தொண்ணூற்றாறில் ஒரு மத்தியானம், நஞ்சன்கூடு தாண்டி, டிக்கெட் எடுக்க மாட்டோம் என்று மூன்று பேர் தகராறு செய்தார்கள். அண்ணன் நீட்டி ஊதினார். விசில் பாதியில் அறுந்தது. பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். ரோட்டோரம் கிடந்தார். வாயில் விசில் இருக்கும்போதே குத்தியிருக்கிறார்கள், பாவிகள்! முன்பல் நாலும் போய், தாடை உடைந்து, படியிலிருந்து தள்ளியும் விட்டிருந்தார்கள். அடித்தவர்கள் கரும்புக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

முதலாளி என்ன செய்தார் தெரியுமா? குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு தர வேண்டாமே! ஆபீஸ் ரைட்டர் நஞ்சுண்டசாமி என்னிடம், "பழனி, நீயும் அப்படியே சொல்லிடு. இல்லேன்னா நாளையிலிருந்து வண்டி கிடையாது," என்றார். நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே அண்ணன் தாடைக்கட்டோடு முனகினார்: "நானா உழுகலே பழனி. அடிச்சாங்க. குடிகாரன்னு பேரு வாங்கீட்டு எம்மக தாரணி மொகத்துல எப்பிடி முழிக்கறது? மொதலாளி எழுதுன காயிதத்துல கையெழுத்துப் போடமாட்டேன்."

மைசூரில் நஷ்டஈட்டு அதிகாரி முன் விசாரணை. பயணிகளில் ஒருத்தர்கூடச் சாட்சிக்கு வரவில்லை. முதலாளியின் வக்கீல் என்னை மடக்கினார்: "முன்னால் பார்த்து ஓட்டுகிறவன் நீ. அடித்ததைக் கண்ணால் பார்த்தாயா?"

"பாக்கலீங்க. காதால கேட்டேன். போதையில விழறவன், அதுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தச் சொல்லி ஊதுவானா சார்?"

அண்ணன் சட்டைப்பையிலிருந்து நசுங்கிய விசிலை எடுத்து மேஜையில் வைத்தார். ஊதிக் காட்டச் சொன்னார் அதிகாரி. பல்லில்லாத வாயிலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அந்த வெறுங்காற்றுக்கே என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது. அதிகாரி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு வந்தது: பணியில் தாக்கப்பட்டார், முழு நஷ்டஈடு தர வேண்டும். என் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. போனால் போகட்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கையிலிருந்த உத்தரவு நகலில், 'பணியில் தாக்கப்பட்டார்' என்ற கன்னட வரியில் வைத்த விரலை அண்ணன் எடுக்கவே இல்லை.

"தாரணி கன்னடம் நல்லாப் படிப்பா," என்றார். "வீட்டுக்குப் போனதும் அவளே சத்தமாப் படிக்கட்டும்."