அப்போஸ்தலர் காலில் ஒரு மரு

வைத்தியத் தொழிலில் பல் பிடுங்குகிறவன் கொடுத்து வைத்தவன். நோயாளி வாயைத் திறந்தாலும் பேச முடியாது. உள்ளங்கால் பார்க்கிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காலை நம் மடியில் போட்டுவிட்டு வாயைத் தாராளமாகத் திறந்துவிடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு டாக்டர் முசேயிடம், அதாவது டாக்டர் ஐயாவிடம், கம்பவுண்டராக இருந்தேன். காய்ச்சலும் இருமலும் அவருக்கு. கால் என்றால் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். ஊரார் காலைப் பிடித்தே வயிறு வளர்க்கும் என் இனத்தவரே, நீங்களாவது நம்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆணி இல்லை, மரு

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்த மறுநாள் தையற்காரர் சவரிமுத்து நொண்டிக்கொண்டு வந்தார். வலது உள்ளங்காலில் ஆணி என்றார். எங்கள் ஊரில் உள்ளங்காலில் எது வந்தாலும் ஆணிதான். நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி, இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலிப்பது மரு. கிள்ளினேன். அவர் போட்ட கூச்சலில் உள்ளே டாக்டர் முசே காப்பியைக் கொட்டிக்கொண்டார். மேல்தோலைச் சுரண்டியதும் எள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மருவேதான்.

வெந்நீரில் ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்து எடுத்து, தோலை உரிக்கிற மருந்தைத் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் என்றேன். ஒட்டிக்கொள்ளும் வியாதி, துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

மனிதர் முகம் செத்துவிட்டது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று கோவிலில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாக உட்கார வைத்து, வலது காலைக் கழுவி முத்தமிடுவார். வருஷா வருஷம் அவர்களுக்கு அங்கி தைத்துக் கொடுத்த சவரிமுத்துவுக்கு இந்த வருஷம்தான் இடம் கிடைத்திருந்தது. அதுவும் ஆண்டவருக்கு மிகப் பிரியமான சீடர் அருளப்பரின் இடம். இவர் தவறினால் உட்காரத் தயாராக மச்சான் அந்தோணி காத்திருந்தான். "ஊருக்கெல்லாம் அளவெடுத்தே காலம் போச்சு கம்பவுண்டரே, எனக்குன்னு தெச்ச அங்கியை அந்தோணி மாட்டிக்கினா நான் மருவோடயே செத்துப்புடுவேன்!"

உப்பும் மிளகும்

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரி முனியம்மா, அம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டால் மரு உதிர்ந்துவிடும் என்றாள். சவரிமுத்துவுக்கு ஆசை ஒரு பக்கம், தவக்காலத்தில் அம்மன் கோவிலுக்குப் போகப் பயம் ஒரு பக்கம். கடைசியில் உப்பையும் மிளகையும் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய்க் கோவிலில் செபஸ்தியார் சுரூபத்தின் காலடியில் வைத்தார். மெழுகுத்திரி ஏற்றுகிற கோவில்பிள்ளை வீட்டில் ஒருசந்தி என்று உபவாசம் இருக்கிற நாளெல்லாம் மிளகு ரசம் மணத்தது. அவரே சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வேண்டுதல் ரொம்ப நல்லாருக்குது, அடுத்த வாட்டி கொஞ்சம் சீரகமும் வேண்டிக்கப்பா."

துணைக்கு ஒரு மருந்து

நான் கொடுத்த மருந்தில் மரு வெளுத்துச் சுருங்க ஆரம்பித்தது. அவர் பொறுத்திருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று அதன்மேல் எருக்கம்பாலை ஊற்றிக் கட்டி, சுற்றியிருந்த நல்ல தோலையும் வேகவைத்துக்கொண்டு வந்து நின்றார். புண் ஆறுகிறவரை எல்லா மருந்தையும் நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன் ஐயா இப்படிச் செய்தீர் என்று கத்தினேன். "ஒங்க மருந்து தனியா கெடந்து கஷ்டப்படுதேன்னு தொணைக்குப் போட்டேன்."

பதினோரு வலது கால்கள்

சவரிமுத்து வீட்டுக் கொடியில் ஒரு துண்டு மட்டும் ஒதுங்கித் தொங்குவதைப் பார்த்து அந்தோணி விஷயத்தைக் கறந்துவிட்டான். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் மற்ற அப்போஸ்தலர்கள் பதினோரு பேரும் ஊர்வலமாக வந்து என் முன்னால் வலது காலைத் தூக்கினார்கள். தலைமை, முதலியார்பேட்டை மில் மேஸ்திரி. சாமியார் எல்லாருக்கும் ஒரே துண்டால்தான் துடைப்பார். சவரிமுத்துவைத் துடைத்த துண்டு தங்கள் காலில் படலாமா என்று மேஸ்திரி கேட்டார்.

பிளாஸ்திரியோடு கடைசி நாற்காலியில் உட்காரட்டும், அவருக்குப் பின்னால் துடைக்க ஆளிருக்காது என்றேன். வைத்தியப்படி சரியான யோசனை. கடைசி நாற்காலி யூதாசுடையது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதில் உட்கார வேண்டியிருந்த ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நல்லா இருப்பீங்க கம்பவுண்டரே, போன வருஷத்துலேர்ந்து என் பொண்டாட்டியே என்னை யூதாசுன்னுதான் கூப்புடுறா!"

வீட்டம்மா தீர்ப்பு

சவரிமுத்து மனைவி அருளாயியோடு வந்தார். மரு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அருளப்பர் இடம் திரும்பிவிடும் என்று கெஞ்சினார். பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தேன். புண் ஆறியிருந்தது, ஆனால் புள்ளிகள் அப்படியே இருந்தன. இல்லாததை எப்படிச் சொல்வது? முடியாது என்று சொல்லிவிட்டுப் புதுப் பிளாஸ்திரியை ஒட்டினேன்.

காட்டிக்கொடுத்தவன் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் சிரிக்க வேண்டாம், அங்கியை மச்சானுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று எழுந்தார். அருளாயி அவரைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். "யூதாசு காலையும் சேத்துதான ஆண்டவர் கழுவுனாரு? கழுவலன்னு வேதத்துல இருந்தா சொல்லு, எங்க அண்ணனை நானே ஒக்கார வெக்கிறேன்!"

பெரிய வியாழன்

நானும் கோவிலுக்குப் போய் ஓரமாக நின்றேன். சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவி முத்தமிட்டுக் கடைசி நாற்காலிக்கு வந்தார். சவரிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை நீட்டினார். சாமியார் அதைத் தூக்கினார், பிளாஸ்திரியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். பதினோரு பேருக்கு ஆகாத நேரம் அந்த ஒரு காலுக்கு ஆயிற்று. குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு மெதுவாக முத்தமிட்டார். யூதாசிடம் போய் இவ்வளவு தாழ்ச்சியா என்று பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். மேஸ்திரிகூட மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்த சவரிமுத்துவின் முகத்தில் அப்படியொரு களை. கடைசி நாற்காலி கசந்த சுவடே இல்லை. சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "சவரிமுத்து, எனக்கும் ரெண்டு இருக்குது, பூசையில நிக்க முடியல, அந்தக் கம்பவுண்டர் வலிக்காம பாப்பாரா?"

காலைத் தூக்கிக் காட்டச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் யூதாஸ்தான். மீதிப் பேர் இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான்.